ஸ்கூட்டர் ஏறினால்தான் அப்பா ஏறுவார்

வட்டக்கச்சியிலிருந்து ஒரு மகள் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கிச் சொல்கிறேன். அப்பாவுக்கு 71 வயது. 2009இல் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக்காலோடு வீட்டுக்குள்ளும் வளவுக்குள்ளும் நடப்பார், படலை தாண்டினால் ஏலாது. இரண்டு வருடத்துக்கு முன் கனடாவிலிருக்கும் சொந்தக்காரர் ஒருவர் பற்றரியில் ஓடும் நான்கு சக்கர ஸ்கூட்டர் ஒன்றை அனுப்பிவைத்திருக்கிறார். அன்றிலிருந்து சந்தைக்கும் கோயிலுக்கும் அப்பா தனியேதான் போய்வருகிறார். இப்போது மெல்பேர்ண் அண்ணாவும் ரொறன்ரோ அக்காவும் குடும்பத்தோடு சிங்கப்பூருக்கு வந்து, அங்கிருந்து ஐந்து இரவு கப்பலில் போய்வர ஏற்பாடு செய்கிறார்கள். அப்பாவும் இவரும் கூடப் போகவேண்டும். அப்பா ஒரே சொல்லில் நிற்கிறார்: "ஸ்கூட்டர் வராட்டி நானும் வரேல்லை." பற்றரி உள்ள சாமானைப் பிளேனில் ஏற்றவே மாட்டார்கள், வெடித்துவிடும் என்கிறார் சித்தப்பா. ரிக்கற் போடுகிற ஏஜென்சிக்காரரோ "ஒரு பிரச்சினையும் இல்லை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார். யார் சொல்வதை நம்புவது என்று கேட்கிறார்.

தங்கச்சி, சித்தப்பா சொல்வது பாதி சரி. ஏஜென்சிக்காரர் சொல்வதைத்தான் நம்பவே வேண்டாம். அவர் கெட்டவர் என்பதற்காகச் சொல்லவில்லை. அவர் அந்த ஸ்கூட்டரைக் கண்ணாலும் கண்டதில்லை, அதன் அகலம் என்ன, பாரம் என்ன, உள்ளே என்ன பற்றரி இருக்கிறது என்று உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. அந்த மூன்றையும் கேட்காமல் "பிரச்சினை இல்லை" என்று சொல்கிறவர் உங்களைச் சமாதானப்படுத்துகிறார், அவ்வளவுதான்.

ஸ்கூட்டரைக் கொண்டுபோகலாம். பிளேனிலும் கொண்டுபோகலாம், கப்பலிலும் கொண்டுபோகலாம், நிறையப் பேர் கொண்டுபோகிறார்கள். ஆனால் காசு கட்டமுதல் அந்த மூன்று விவரமும் உங்கள் கையில் இருக்கவேண்டும்.

பற்றரியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உங்களை மறிக்கப்போவது அதுதான். ஆசனத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கறுப்புப் பெட்டி ஒன்றோ, சிறிய கார் பற்றரி போல இரண்டு கட்டிகளோ இருக்கும். தூக்கிப் பாருங்கள். கை இறங்கிப்போனால், அதாவது எட்டுப் பத்துக் கிலோ என்று தோன்றினால், பெரும்பாலும் ஈயப் பற்றரி. சின்னப்பிள்ளைகூடத் தூக்கலாம் என்றால் லித்தியம். அனுமானத்தோடு நிற்கவேண்டாம், ஒட்டியிருக்கும் லேபிளைப் போனில் படமெடுத்து வையுங்கள், நாளைக்கு விமான நிறுவனமும் கப்பல் நிறுவனமும் கேட்கப்போவது அந்தப் படத்தைத்தான்.

ஈயப் பற்றரி என்றால் அது சீல் வைத்ததா, தண்ணீர் ஊற்றுகிற வகையா என்பதே கேள்வி. ஏஜிஎம் என்றோ ஜெல் என்றோ, 'நொன் ஸ்பில்லபிள்' என்றோ எழுதியிருந்தால் கவலை குறைவு. அது கவிழ்ந்தாலும் அமிலம் சிந்தாது. ஸ்கூட்டரிலேயே இறுக்கிப் பூட்டி, முனைகள் ஒன்றோடொன்று முட்டாதபடி பாதுகாத்து, கீழே சாமான் அறையில் ஏற்றுவார்கள். தண்ணீர் ஊற்றுகிற வகை என்றால் விமானத்திலும் வில்லங்கம், பல கப்பல் நிறுவனங்கள் வாசலிலேயே வேண்டாம் என்றுவிடும்.

லித்தியம் என்றால் ஒரு சின்னப் பெருக்கல் செய்யவேண்டும். லேபிளில் வோல்ட் இருக்கும், அம்பியர்-அவர் இருக்கும், இரண்டையும் பெருக்கினால் வாட்-அவர். 24 வோல்ட், 10 அம்பியர்-அவர் என்றால் 240. 24 வோல்ட், 12 அம்பியர்-அவர் என்றால் 288. கழற்றக்கூடிய பற்றரியாக இருந்தால் ஒரு பற்றரிக்கு 300 வாட்-அவர்தான் எல்லை. இரண்டு பற்றரியில் ஓடுகிற வண்டி என்றால் ஒவ்வொன்றும் 160க்குள் இருக்கவேண்டும். கழற்றிய பற்றரி கீழே போகாது. முனைகளுக்கு ரேப் ஒட்டி, தனிப் பையில் போட்டு, நீங்கள் கையில் கொண்டுபோய் உங்களோடு வைத்திருக்கவேண்டும். லித்தியம் தீப்பிடித்தால் ஆட்கள் இருக்கிற இடத்தில் கண்டு அணைக்கலாம், சாமான் அறையில் பிடித்தால் யாருக்கும் தெரியாது என்பதுதான் காரணம். சித்தப்பாவின் பயம் இங்கேதான் பாதி சரியாகிறது. கழற்றாமல் வண்டியோடே பாதுகாப்பாகப் பூட்டியிருக்கும்படி செய்த மொடல்களுக்கு வேறு விதி இருக்கிறது, ஆனால் உங்கள் வண்டி அந்த வகையா என்பதை விமான நிறுவனம்தான் சொல்லவேண்டும், நீங்களே முடிவெடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு வெளிக்கிடாதீர்கள்.

இனி, கடிதத்தில் நீங்கள் எழுதாத ஒன்று. கனடாவிலிருந்து வந்தபோது இருந்த பற்றரிதானா இப்போதும் இருக்கிறது? இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. வன்னியில் நான் பார்க்கிற இந்த மாதிரி வண்டிகளில் பலது, முதல் பற்றரி செத்த பிறகு எங்கள் ஆட்களின் கைவேலையில் ஓடுகிறவை. போன வருடம் ஒருவர் கொண்டுவந்த வண்டியின் ஆசனத்தைத் தூக்கினால் உள்ளே மோட்டார் சைக்கிள் பற்றரி இரண்டு, சைக்கிள் ரியூப்பை வெட்டிக் கட்டியிருந்தது. இன்னொன்றில் பழைய லாப்டொப் பற்றரிகளின் உருளைகளைச் சேர்த்து ஒட்டி, மேலே மஞ்சள் ரேப் சுற்றியிருந்தார்கள், லேபிள் என்று ஒன்றும் இல்லை. இரண்டும் ஊருக்குள் நன்றாக ஓடின. செய்தவரின் கெட்டித்தனத்தை நான் குறை சொல்லமாட்டேன், யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. ஆனால் லேபிள் இல்லாத பற்றரியை எந்த விமானமும் ஏற்றாது, ஏற்றவும் கூடாது. அப்படி ஏதாவது மாற்றியிருந்தால் அந்த மொடலுக்கே உரிய பற்றரியைக் கனடாவில் இருப்பவரிடம் கேட்டு எடுப்பியுங்கள். இல்லையென்றால் வண்டியை வட்டக்கச்சியிலேயே விட்டுவிட்டு, சிங்கப்பூரில் ஒன்றை வாடகைக்கு எடுங்கள். பெரிய துறைமுக நகரங்களில் அப்படி வாடகைக்குக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா மறுப்பார், "அது என்ர வண்டி இல்லை" என்பார். அதற்குப் பிறகு வருகிறேன்.

விமான நிறுவனத்துக்குக் குறைந்தது 48 மணிநேரத்துக்கு முன் அறிவிக்கவேண்டும் என்பது பொதுவான நடைமுறை. நான் சொல்வேன், ரிக்கற் போடும் அன்றே மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கி, அச்சடித்துக் கையில் வையுங்கள் என்று. போனில் சொன்ன "ஓம்" கவுண்டரில் செல்லாது. வண்டியைக் கொடுக்கும்போது சாவியை எடுத்துவிடுங்கள், முன் கூடையைக் கழற்றிவிடுங்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருக்கும், அதைத் தள்ளினால்தான் மோட்டார் விடுபட்டு வண்டி கையால் உருளும். அது தெரியாத சாமான் ஏற்றுகிற பொடியன்கள் பிரேக்கோடு இழுத்து இழுத்தே மோட்டாரைப் பழுதாக்கிவிடுவார்கள். ஒரு காகிதத்தில் அந்த நெம்பைக் கீறி, அம்புக்குறி போட்டு, ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இரண்டு வரி எழுதி ஆசனத்தில் ஒட்டிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

செயற்கைக்காலைப் பற்றியும் ஒன்று: பிளேனில் அப்பா வசதிக்காகச் செயற்கைக்காலைக் கழற்றி வைக்க ஆசைப்படுவார். நெடுநேரம் கழற்றி வைத்தால் எஞ்சிய கால் வீங்கி, இறங்குகிற நேரம் திரும்பப் போட ஏலாமல் நிற்பார். கழற்றத்தான் வேண்டுமென்றால் இறுக்கமான காலுறையைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள், தடிப்பு வேறுவேறான காலுறை இரண்டு மூன்று சோடி கைப்பையில் இருக்கட்டும்.

சரி, கப்பலுக்கு வருவோம். எல்லாரும் பற்றரியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள், கதவைப் பற்றி ஒருவரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. பக்கவாதம் வந்த என் மைத்துனரோடு சில வருடங்களுக்கு முன் அதே சிங்கப்பூரில் கப்பல் ஏறினேன். எந்தக் கப்பல் என்று சொல்லப்போவதில்லை, பிழையில் பாதி என்னுடையது. விமானத்தில் ஒரு தடங்கலும் இல்லை, துறைமுகத்திலும் இல்லை, சிரித்துச் சிரித்து வரவேற்றார்கள். எட்டாம் தளத்தில் லிப்டால் இறங்கி, கம்பளம் விரித்த நீண்ட நடையில் மைத்துனர் முன்னே ஓட்ட நான் பின்னே பெட்டியோடு போய், அறைக் கதவைத் திறந்தால் வண்டியின் முன்பக்கம் உள்ளே போகிறது, கைபிடிகள் இரண்டும் கதவு நிலையில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. கதவு 58 சென்ரிமீற்றர், வண்டி 61. மூன்று சென்ரிமீற்றர்! இரண்டு விரல் அகலம். வாகனத்தை வீட்டு வாசலில் விடுவதுபோல நடையில் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், அறையைக் கவனிக்கும் பொடியன் மிக மரியாதையாக, ஆனால் அசையாமல், முடியாது என்றுவிட்டான். தீ, புகை என்று ஏதும் வந்தால் அந்த நடையால்தான் ஆயிரக்கணக்கான ஆட்கள் வெளியேறவேண்டும், அதில் ஒரு வண்டி நின்றால் அது ஆட்களை மறிக்கும். அவன் சரி.

கடைசியில் வண்டியை வரவேற்பு மேசைக்குப் பின்னாலிருந்த ஒரு களஞ்சிய அறையில் வைக்க விட்டார்கள். ஒவ்வொரு காலையும் போன் பண்ணி, காத்திருந்து, யாராவது வந்து திறந்து... இரவில் பற்றரிப் பெட்டியை மட்டும் நான் அறைக்குத் தூக்கிவந்து சார்ஜ் போட்டேன். ஒன்பது மணிக்குப் பிறகு மைத்துனருக்கு அறைதான் உலகம். நான்கு நாளில் மூன்று இரவு அவர் பல்கனியில் இருந்து கடலைப் பார்த்தார், கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றார். அவர் அப்படிச் சொல்கிற ஆள்.

அதனால் உங்கள் அண்ணாவிடம் இன்றைக்கே கேளுங்கள், எந்த வகை அறை பதிந்திருக்கிறார் என்று. சாதாரண அறைகளின் கதவு பெரும்பாலும் 56, 58 சென்ரிமீற்றர் என்ற அளவில்தான் இருக்கும். சக்கர நாற்காலிக்காரருக்கென்று ஒதுக்கிய அறைகளில் 80க்கு மேல் இருக்கும், குளியலறை வாசலில் படி இருக்காது அல்லது சரிவு வைத்திருப்பார்கள், இருந்து குளிக்க ஆசனம் இருக்கும், வண்டியைத் திருப்ப இடம் இருக்கும். இந்த அறைகள் ஒரு கப்பலில் சொற்பம், முதலில் முடிவதும் அவைதான். ஏஜென்சி மூலம் கேட்கவேண்டாம். கப்பல் நிறுவனங்கள் எல்லாம் விசேட தேவை உள்ள பயணிகளுக்கென்று ஒரு படிவம் வைத்திருக்கின்றன, அண்ணா நேரடியாக அதை நிரப்பி, ஸ்கூட்டரின் அகலம், நீளம், பாரம், பற்றரி வகை எல்லாம் எழுதி அனுப்பட்டும். அந்த அறை இல்லை என்று பதில் வந்தால், வேறு திகதிக்கு மாற்றுங்கள் என்பேன். மலிவு என்று சாதாரண அறையை எடுத்துவிட்டு அங்கே போய்ப் பார்க்கலாம் என்பது சரிவராது, அங்கே போய்ப் பார்த்தவன் சொல்கிறேன்.

அறைக்குள்தான் வண்டி நிற்கும், அறைக்குள்தான் சார்ஜும். சார்ஜரின் முதுகைத் திருப்பி 'இன்புட்' என்ற வரியைப் பாருங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் எங்கேயும் போடலாம். கனடாவிலிருந்து வந்தது 110க்கு மட்டுமானதாகவும் இருக்கலாம், அப்படியானால் நீங்கள் வீட்டில் ஒரு ட்ரான்ஸ்போமர் வைத்துத்தான் போடுவீர்கள், அதைக் கப்பலுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். நல்லவேளையாகப் பல கப்பல் அறைகளில் 110ம் 220ம் இரண்டும் இருக்கும், முதலே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாமல் இருக்கலாம், சின்ன அடாப்டர் ஒன்று கையில் இருக்கட்டும். நீளமான எக்ஸ்டென்ஷன் வயர் கொண்டுபோகாதீர்கள், பல கப்பல்களில் ஏறும்போதே பறித்து வைத்துவிடுவார்கள். பிளக் பெரும்பாலும் மேசைப் பக்கம்தான் இருக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் தேடி மினக்கெடவேண்டாம்.

துறைமுகங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பாவுக்கு மனம் நோகப்போவது அங்கேதான். கப்பல் எல்லா இடத்திலும் துறைமுக மேடையில் கட்டுவதில்லை. சில இடங்களில் கடலில் நங்கூரம் போட்டு, சின்னப் படகுகளில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோவார்கள். குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் போகப் படகு ஏறியிருப்பீர்கள்தானே, படகு மேலும் கீழும் ஆட, ஒருவர் கையைப் பிடித்து "இப்ப... இப்ப வையுங்கோ காலை" என்று இழுப்பாரே. கப்பல் படகு அதைவிட ஒழுங்கானது, ஆனால் விஷயம் அதேதான். அதில் ஸ்கூட்டர் பெரும்பாலும் ஏறாது. பினாங்கில் கப்பல் ஜோர்ஜ்டவுன் நகரத்து மேடையிலேயே கட்டும், இறங்கிக் கொஞ்சத் தூரத்தில் லிட்டில் இந்தியா, தமிழ் எழுத்துப் போட்ட கடைகள், குயீன் வீதியில் 1833இல் கட்டிய மாரியம்மன் கோயில். அப்பாவுக்கு நிச்சயம் பிடிக்கும். ஆனால் அந்த ஊர்க் கடைகளின் முன் திண்ணைகள் ஒன்றுக்கொன்று உயரம் வேறு, இடையில் படி வேறு, அதனால் ஸ்கூட்டரை வீதி ஓரமாகத்தான் விடவேண்டிவரும், நீங்கள் ஒருவர் முன்னே நடவுங்கள். புக்கெட்டில் பட்டோங் கடற்கரைப் பக்கம் நிற்கிற கப்பல் என்றால் படகுதான். உங்கள் கப்பல் எங்கெங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொரு இடத்தையும் குறிப்பிட்டு "மேடையா, படகா" என்று அந்தப் படிவத்திலேயே கேளுங்கள். படகு என்று பதில் வந்த நாளில் அப்பா கப்பலில் நிற்கட்டும். ஆட்கள் இறங்கிப் போன கப்பலில் லிப்டுக்கு வரிசை இல்லை, தளம் முழுக்க அவருக்குத்தான். கூட நிற்க ஒரு பேரப்பிள்ளையை இப்போதே பேசி வைத்துவிடுங்கள்.

மேடையில் கட்டினாலும் இறங்குகிற பாலம் நீர் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் காலையில் ஒரு சரிவு, மாலையில் ஒரு சரிவு. மிகச் சரிவாக இருந்தால் ஊழியர்கள் அவரை இறங்கி நடக்கச் சொல்லலாம், வண்டியை அவர்கள் உருட்டுவார்கள். தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள், அது அவர்களுடைய வேலை இல்லை. ஏறிய அன்றே வரவேற்பில் சொல்லி, அவசரத்தில் உதவி தேவைப்படுகிறவர்களின் பட்டியலில் அப்பாவின் பெயரைப் போடுவியுங்கள், ஏனென்றால் தீ என்றால் லிப்ட் ஓடாது, யார் எந்த அறையில் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

போகமுதல் ஊரிலேயே பழக்குங்கள். அப்பாவுக்குக் கிரவல் ரோட்டிலும் வாய்க்கால் கட்டிலும் ஓட்டத் தெரியும், லிப்டுக்குள் ஓட்டத் தெரியாது. கைபிடிக்கு அருகே ஆமையும் முயலும் படம் போட்ட ஒரு திருகு இருக்கும், கப்பலுக்குள் அது ஆமையிலேயே நிற்கவேண்டும். விறாந்தையில் நான்கு கதிரைகளை வைத்து ஒரு லிப்ட் அளவு இடம் விட்டு, முன்னுக்கு உள்ளே போய்ப் பின்னுக்கு வெளியே வரச் சொல்லுங்கள். நான்கு சக்கர வண்டி திரும்ப இடம் கூட வேண்டும், அதனால் பின்னுக்கு எடுக்கிற பழக்கம் அவருக்கு முக்கியம். இரண்டு கதிரையை இடிப்பார், மூன்றாம் நாள் சரிவரும்.

இனி அவர் சொன்ன அந்த ஒரு சொல்லுக்கு வருகிறேன். கப்பலிலேயே சக்கர நாற்காலி இருக்கும், நாங்கள் மாறிமாறித் தள்ளுவோம் என்று பிள்ளைகள் சொல்லியிருப்பீர்கள். அன்பாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் 2009க்குப் பிறகு பல வருடம் யாராவது தள்ளினால்தான் அசையலாம் என்று இருந்தவர், தேத்தண்ணி குடிக்கப் போவதற்கும் ஆளைக் கூப்பிடவேண்டியிருந்தவர், இப்போது இரண்டு வருடமாகத் தானே போகிறார், தானே வருகிறார். அவர் கேட்பது வண்டியை அல்ல, யாரிடமும் கேட்காமல் எழும்பிப் போகிற உரிமையை. அதை இப்படியே நேரே கேட்டுப் பார்த்தீர்களானால், வாடகை வண்டி என்றாலும் சம்மதிப்பார் என்றே நினைக்கிறேன். சாவி அவர் கையில் இருந்தால் போதும். அவரோடு கதைக்கிற வேலையை அண்ணாவிடம் விடாதீர்கள், நீங்களே செய்யுங்கள். இத்தனை வருடம் கூட இருந்தவர் நீங்கள்தான்.

காங்கேசன்துறை - நாகபட்டினம் கப்பலுக்கும் இதெல்லாம் பொருந்துமா என்று வேறு இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கி, நின்று நின்று ஓடுகிற அந்தச் சேவையில் அறை இல்லை, இருக்கைதான், ஏறக்குறைய நான்கு மணிநேரம். அதனால் அங்கே அறைக் கதவும் சார்ஜரும் கேள்வியே இல்லை. ஏற்றுவார்களா, எங்கே வைப்பார்கள் என்று மட்டும் ரிக்கற் போடமுதல் எழுத்தில் கேட்டு வாங்கினால் சரி.

தங்கச்சி, அளவெடுக்கும்போது ஒன்று. சக்கரத்துக்குச் சக்கரம் அளக்காதீர்கள், நான் செய்த பிழை அதுதான். கைபிடியின் வெளி விளிம்பிலிருந்து மற்றக் கைபிடியின் வெளி விளிம்பு வரைக்கும் நாடாவைப் பிடியுங்கள், அப்பா ஏறி இருக்கும்போதே பிடியுங்கள். பற்றரி லேபிளின் படத்தையும் அந்த அளவையும் அனுப்பினால், அண்ணா படிவம் நிரப்பமுதல் நான் ஒருக்கால் பார்த்துச் சொல்கிறேன்.